அடையாறுக்கு மணல், மாம்பலத்துக்குக் களி

மூன்றடி செட்பேக்கிலும் பூ பூக்கும். ஆனால் நர்சரிக்குக் கிளம்பும் முன் வீட்டு மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி பிறந்தால் கதீட்ரல் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி. 2022 ஜூனில் கலைவாணர் அரங்கத்தில் தொடங்கியது, 2024-ல் செம்மொழிப் பூங்காவுக்கு இடம் மாறியது, 2025 ஜனவரியில் நான்காவது முறையாக நடந்தது. ஊட்டி, ஓசூர் என்று வெளியூர்களில் வளர்ந்து லாரியில் வந்து இறங்கும் பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள், வீடு திரும்பும் வழியில் ஏதாவது ஒரு நர்சரியில் நிறுத்தி நாலு தொட்டி பெட்டூனியாவாவது வாங்கிவிடுகின்றன. மாசியில் அவை மெலியும். பங்குனியில் கருகும். சித்திரையில் காலித் தொட்டிகள் மொட்டை மாடி மூலைக்குப் போகும். "நமக்குக் கைராசி இல்லை" என்று வீட்டில் யாராவது சொல்ல, விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டூனியா, டயாந்தஸ், சால்வியா எல்லாம் குளிர்காலப் பூக்கள். சென்னையில் அவற்றின் ஆயுள் மார்கழி, தை, தப்பித்தால் மாசி. சபா சீசனோடு வந்து சீசன் முடிந்த கையோடு கிளம்பிவிடுகிற விருந்தாளிகள். மேசையில் வைக்கிற பொக்கே என்று எண்ணி வாங்கினால் வருத்தமே இல்லை. ஆண்டு முழுக்கத் தரையை மூடிக்கொண்டு, வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கி, அவ்வப்போது பூத்தும் காட்டுகிற செடிகள் வேறு. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்ப்பது கடைசி வேலை. மண், தண்ணீர், வெயில் விழும் நேரம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் பூவின் நிறத்துக்கு வர வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

செடி வாங்கும் ஆசை கதீட்ரல் சாலைக்குப் புதிதும் அல்ல. அந்தச் சாலையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே தொடங்கப்பட்டது. தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களோடு பெரும் தொகுதிகளாக வெளியிட்ட மருத்துவர் ராபர்ட் வைட்டுக்கு அதன் தொடக்க காலத்தில் பங்கு உண்டு. அதன் அருகில் 1962-லிருந்து 2008 வரை காருக்கே காபி கொண்டுவந்து கொடுத்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடம்தான் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா ஆனது. 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் அதே சாலையில் திறக்கப்பட்டது. ஒரே சாலையில் இத்தனை பசுமை இருக்க, அங்கிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பார்த்தால் பேவர் பிளாக், அதன்மேல் உடைந்த சிமென்ட் தொட்டி, அதற்குள் காய்ந்த துளசி.

பங்களாக்கள் போய் ஃபிளாட்டுகள் வந்தபோது தோட்டம் போனது, செட்பேக் மிஞ்சியது. கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் இடையே மூன்றடி, ஐந்தடி. ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி. அதில் கட்டடமும் கார் நிற்கும் இடமும் போக மீதமுள்ள இந்தக் குறுகிய சந்துதான் இன்றைய மயிலாப்பூர்க்காரருக்கும் தி.நகர்க்காரருக்கும் உள்ள நிலம். மரம் வைக்க அங்கே இடமில்லை. தரையோடு படரும் செடிக்குத் தாராளமாக இருக்கிறது.

உருட்டிப் பார்த்தால் தெரியும்

தி.நகர் ஏரியின்மேல் எழுந்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியை 1920-களில் வடித்து மனை போட்டார்கள். பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை ஊருக்கும், பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இன்னும் இருக்கின்றன. மண்ணும் இருக்கிறது. தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் ஒன்றரை அடி தோண்டினால் வருவது ஏரிக் களி. மழை பெய்தால் வழுவழுவென்று மண்வெட்டியைப் பிடித்துக்கொள்ளும்; மே மாதத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும்.

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் நேர் எதிர். கடல் கொண்டுவந்து போட்ட மணல். பக்கெட் பக்கெட்டாக ஊற்றினாலும் கணத்தில் உறிஞ்சிக்கொண்டு "இன்னும் கொண்டா" என்கிற மண். கிண்டியையும் வேளச்சேரியையும் நெருங்கினால் பாறை. மயிலாப்பூர் இடைப்பட்டது; தெருவுக்குத் தெரு மாறும். லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவே ஒரு குட்டை கிடந்த இடம்தான். அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அதைப் பூங்காவாக்கினார். அங்கிருந்து கடற்கரை நோக்கி நடந்தால் மண் மெல்ல மெல்லப் பொலபொலப்பாகிவிடும்.

பரிசோதனைக்கு லேபுக்குப் போக வேண்டாம். ஈரமண்ணை ஒரு பிடி எடுத்துச் சீடைக்கு உருட்டுவதுபோல உள்ளங்கையில் உருட்டுங்கள். உருண்டு, அழுத்தினால் பிளக்காமல் தட்டையானால் களி. உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல். அடுத்து ஓரடி ஆழக் குழி தோண்டி அதில் தண்ணீர் நிரப்பி நேரம் பாருங்கள். மணல் மண்ணில் சில நிமிடங்களில் வற்றும். களியில் காலையில் ஊற்றியது மாலை வரை நிற்கலாம். அந்தக் குழியில் டேபிள் ரோஸ் நட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

களியைத் திருத்த எல்லோரும் சொல்லும் வைத்தியம், "ரெண்டு மூட்டை மணல் கொட்டுங்க" என்பது. என்னைக் கேட்டால் இதுதான் தி.நகர்த் தோட்டங்களைக் கெடுத்த ஆலோசனை. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் கோடையில் சிமென்ட்தான் கிடைக்கும். களிக்கு வேண்டியது மக்கிய பொருள்: தொழு உரம், இலை மக்கு, மண்புழு உரம். அதைக் கலந்து, தரைமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டால் பாதி வேலை முடிந்தது. மணல் மண்ணுக்கும் மருந்து அதேதான், காரணம்தான் வேறு. அங்கே மக்கும் தேங்காய் நார்த்தூளும் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காக. சரி, மக்கு எங்கே கிடைக்கும்? தினம் காலையில் வாசலில் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போடுகிறோமே, அந்தச் சருகுதான். அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்குள் பெரிய மரங்களின் அடியில் போய் நின்று பாருங்கள். 1882-லிருந்து அங்கே தலைமையகம் இருக்கிறது. மரத்தடி மண்ணைப் பெரும்பாலும் மூடியிருப்பது உதிர்ந்த இலைதான். உலகத்திலேயே மலிவான தரைமூடி.

உப்புத் தண்ணீர், வடக்கு வெயில்

கடலோரத் தெருக்களில் மண்ணைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் இலை ஓரம் பழுப்பாகிக் கருகிக்கொண்டே உள்ளே வரும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் யூரியா போடுவார்கள், அதுவும் உப்பு போலவே வேரை வாட்டும். இதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் "சும்மா போகுதே" என்று செடிக்குத் திருப்பிவிடுவது. வடிகட்டி எடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்தது, உப்பே கிடையாது. அந்தக் குழாய் முனையில் ஒரு பிடி வல்லாரையை வைத்தால் போதும், மே மாதத்திலும் பச்சை மாறாது. கீழ் வீட்டு மாடத்தில் சொட்டுகிறது என்ற சண்டையும் ஓயும்.

உப்பைத் தாங்குபவை எவை என்று தெரிந்துகொள்ளக் கடற்கரைக்கே போகலாம். திருவான்மியூர் தாண்டித் தெற்கே போனால் மணலில் படர்ந்து கிடக்கிறதே அடம்புக் கொடி, ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக, சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பூவாக வருவது அதுதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப்போடும். நாலு தொட்டி வைக்கிற வீட்டுக்கு அது ஆகாது, கை மீறும். ஆனால் பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த காலி மணல் திட்டுகளுக்கு அதைவிடப் பொருத்தமான கொடி கிடைக்காது. வீட்டுக்குள் என்றால் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. கடைசியாகச் சொன்னதை மயானச் செடி என்று வீட்டில் வைக்கத் தயங்குபவர்கள் இன்றும் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்பட்டன. மணலில், மொட்டை வெயிலில், கேட்பாரற்று ஆண்டு முழுக்கப் பூக்கும். களியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் ஒரே வாரத்தில் வேர் அழுகிச் சாயும். அடையாறில் தங்கை வீட்டில் பூத்துக்குலுங்கியதைப் பார்த்துத் தி.நகர் அக்கா வாங்கி வைத்துத் தோற்பது இதனால்தான்.

அடுத்தது வெயில். "எங்க வீட்டு வடக்கு சந்துல வெயிலே விழாது" என்பார்கள். பாதி உண்மை. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. ஆக, ஆண்டில் எட்டு மாதம் நிழலாகக் கிடக்கும் வடக்குச் செட்பேக்கில், சரியாக அக்னி நட்சத்திரத்தில் நேர்வெயில் இறங்கும். டிசம்பரில் அங்கே நட்டு அழகாக வளர்ந்த சிங்கோனியமும் ஃபெர்னும் மே மாதம் வெந்து போவதன் ரகசியம் இது. வடக்குப் பக்கத்துக்கு இரண்டையும் தாங்குகிற ஆள் வேண்டும்: மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக நிற்கும் ரியோ, முழு ஊதாவான பர்பிள் ஹார்ட், ஸ்பைடர் லில்லி. பூதான் வேண்டும் என்றால் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் அரை நிழலுக்குச் சம்மதிக்கும்.

தெற்குப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே டேபிள் ரோஸ் ராஜ்யம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நர்சரியே வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு சாண் தண்டைக் கிள்ளி, இலையை அடியில் உருவிவிட்டு, பொலபொலப்பான மண்ணில் செருகினால் பத்து நாளில் வேர் பிடிக்கும். காலை வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். காலையில் கிளம்பி இரவில் திரும்புகிற ஐ.டி. தம்பதிக்கு வாரத்தில் ஐந்து நாள் பூவே கண்ணில் படாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கு அந்தி மந்தாரை நடலாம், மாலையில்தான் விரியும். அக்டோபர் மழை தொடங்கும்போது டேபிள் ரோஸில் ஒரு தொட்டியை மட்டும் எடுத்துச் சன்ஷேடுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வெளியில் இருப்பவை அழுகினாலும் தை மாதம் அந்த ஒரு தொட்டியிலிருந்து தோட்டம் முழுவதையும் மீட்டுவிடலாம்.

தி.நகர்க் களிக்கு மழை லில்லி. வெங்காயம் போன்ற அதன் கிழங்கு கோடை முழுக்க மண்ணுக்குள் சும்மா கிடக்கும். முதல் நல்ல மழை பெய்த சில நாட்களில் சொல்லிவைத்தாற்போல் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். கல்வாழையும் ஸ்பைடர் லில்லியும் தண்ணீர் நின்றாலும் கவலைப்படாதவை. 2021 நவம்பரில் தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி மழைக்கும் அவை தாக்குப்பிடிக்கும்.

செகரட்டரி சம்மதிக்க வேண்டும்

செடியைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது: அசோசியேஷன் மீட்டிங். செட்பேக்கில் செடி வைக்கலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டால் மூன்று ஆட்சேபங்கள் தவறாமல் வரும்: பாம்பு, கொசு, மெயின்டனன்ஸ். இறுதியில், "பேவர் பிளாக் போட்டுட்டா கழுவி விட்டுடலாம்" என்று தீர்மானம் நிறைவேறும்.

பாம்புப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. கிண்டிக் காட்டை ஒட்டியும் அடையாற்றை ஒட்டியும் இருப்பவர்களுக்கு அது நிஜம். ஆனால் பாம்பு எலிக்காக வருகிறது. எலி குப்பைக்கும் மூலையில் அடுக்கி வைத்த பழைய டைல்ஸ், மரச்சட்டத்துக்கும் வருகிறது. கணுக்கால் உயரத்துக்கு மேல் வளராத செடியில் பாம்பு ஒளிய வழியில்லை. இடுப்பு உயரப் புதரில் உண்டு. ஆகவே துரந்தாவை வெட்டாமல் விடுவதை எதிர்த்து ஓட்டுப் போடலாம், தரையோடு படரும் செடியை எதிர்த்து வேண்டாம். கொசு விஷயத்தில் குற்றவாளி செடியில்லை, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் தூக்கிப் பார்ப்பது அதைத்தான். தரையில் நட்ட செடிக்குத் தட்டே கிடையாது. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்து அடர்ந்த செடிக்கு அடியில் குடியேறும் என்பதை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகு டார்ச்சும் கையுறையுமாகப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைத் தவிர எளிய வழி இல்லை. வெறுங்கையால் தொடக் கூடாது.

மெயின்டனன்ஸுக்கு வருவோம். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கிணற்றுக்கு இறக்கினோம். தரையில் விழுகிற மழையை? செட்பேக்கை மூடிவிட்டு, அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, பிறகு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மாநகராட்சிக்கு போன் போடுகிறோம். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. திறந்த மண்ணின்மேல் அது அறைந்தால் மேல்மண் இறுகி ஏடு கட்டும், நீர் இறங்காது. செடி மூடியிருந்தால் துளி இலையில் உடைந்து வேர் போன வழியே உள்ளே இறங்கும். கணக்குப் பார்க்கிற செகரட்டரிக்கு இதைத்தான் சொல்லிப் பார்க்க வேண்டும். அழகு என்று ஆரம்பித்தால் காரியம் கெடும்.

"அப்போ கொரியன் கிராஸ் போடலாமே" என்று ஒருவர் சொல்வார். வேண்டாம். புல்தரைக்கு ஆறு மணி நேர வெயில், வெட்ட ஆள், கோடையில் அன்றாடம் தண்ணீர் எல்லாம் வேண்டும். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்த ஊர் இது. அந்தக் கோடையில் எந்தக் குடியிருப்பிலும் லாரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வந்திருக்காது.

புல்லுக்குப் பதில் பொடுதலை. பொடுகுத் தைலத்துக்குப் பாட்டிமார் பறித்துவரச் சொல்லும் அதே செடி. நம் ஊர் வாய்க்கால் ஓரங்களில் தானாக வரும். தரையோடு ஒட்டிப் படரும், ஓரளவு மிதிபடும், வெள்ளையும் இளம் ஊதாவுமாகச் சுண்டுவிரல் நுனியளவு பூங்கொத்து வைக்கும், தேனீ வரும். வெட்ட மெஷின் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் இதே இனத்திலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு வகைக்குக் குராபியா என்று பெயர் சூட்டி, தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விற்கிறார்கள். மேல்நாட்டில் விலை வைத்த பிறகாவது நம் நர்சரிகளில் ஒரு மூலையில் இடம் கொடுப்பார்கள் என்று நம்புவோம். இதற்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று ஆற்றோர மேய்ச்சல் நிலங்களை விழுங்கிய களை. இங்கே இது சொந்தக்காரச் செடி. இருந்தாலும் கரை கட்டி வளர்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் அசோசியேஷன் மாமிகள் பக்கம் நியாயம் இருக்கிறது. வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுகிற வழக்கத்தில் வெற்றுத் தரைக்கு ஒரு மரியாதை உண்டு. பூச்செடி கொல்லைப்புறத்திலும் நந்தவனத்திலும் இருந்தது, வாசல் கோலத்துக்கு. கேட்டுக்கு நேராக உள்ள இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மூன்று பக்கம் போதும்.

மஞ்சள் பூவின் வில்லத்தனம்

நர்சரியில் தரைமூடி வேண்டும் என்று கேட்டால், விசாரிக்காமல் எடுத்து நீட்டுவது வெடேலியா. பளபளக்கும் பச்சை இலை, சின்னச் சூரியகாந்தி போல மஞ்சள் பூ, சாகவே சாகாது. சாகாது என்பதுதான் சிக்கல். மெக்சிகோ, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த இது, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இருக்கிறது. வெட்டித் தெருவில் எறிகிற தண்டு மழைநீர் வடிகாலில் போய், எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வேர்விடும். இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்துச் சமைக்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் பூ ஒன்றுபோல இருக்கும், இலையைப் பாருங்கள். வெடேலியா இலை மினுமினுத்து மூன்று மடலாகப் பிரிய முயலும். நம் கரிசலாங்கண்ணி இலை நீண்டு, சொரசொரப்பாக, மடல் இல்லாமல் இருக்கும். நடுவதென்றால் நம்முடையதையே நடலாமே. அதுவும் படரும், அதுவும் மஞ்சளாகப் பூக்கும், கீரையும் ஆயிற்று.

அழகுக்கென்று அழைத்து வந்தது பின்னால் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வது இங்கே பழைய கதை. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டையே மறைத்து நிற்கிறது. பூ அழகுக்காகக் குளத்தில் விடப்பட்ட ஆகாயத்தாமரை கூவத்திலும் அடையாற்றிலும் என்ன செய்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சாய ஆசையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1789-ல் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சிவப்புச் சாயம் தரும் பூச்சியை அதில் வளர்ப்பது திட்டம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் தென்னாட்டு வயல்வெளிகளை நிறைத்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அண்மையில் சாலை நடுவிலும் வளாகங்களிலும் வேகமாக வளர்கிறது என்று வரிசை வரிசையாக நட்ட கோனோகார்பஸுக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு தடை போட்டது. வேகமாக வளரும் என்று ஒருவர் செடியை விற்றால், நிறுத்தவும் முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பூஜைக்கு நாலு பூ

மயிலாப்பூரில் செடி வைக்கிறவர்களுக்குக் கணக்கே தனி. பூஜைக்குத் தினம் நாலு பூ கிடைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லி, அரளி, இட்லிப் பூ. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பூக்கடைகளுக்குக் குறைவில்லாவிட்டாலும் தோட்டத்துப் பூவுக்கு ஈடில்லை என்பார்கள். இதில் ஒரு தொல்லை, காம்பவுண்டுக்கு வெளியே தலைகாட்டும் பூ வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. பொழுது விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையும் கொக்கிக் குச்சியுமாக வாக்கிங் வரும் பக்தர்கள் அறுவடையை முடித்திருப்பார்கள். திருட்டுப் பூவில் புண்ணியம் அதிகம் என்று எந்தப் புராணத்தில் படித்தார்களோ! சுவரை ஒட்டி உயரமாக அரளியும், உட்புறம் குட்டை இட்லிப் பூவும் நட்டு, அதன் காலடியில் தரைமூடி வைப்பது ஒரு வழி. வெளியே உள்ளது ஊருக்கு, உள்ளே உள்ளது உங்களுக்கு.

குட்டை இட்லிப் பூவை நான் சென்னைக்கு மிகவும் பரிந்துரைப்பேன். களியும் ஓரளவு ஒத்துக்கொள்ளும், மணலும் ஒத்துக்கொள்ளும். போர் தண்ணீர் சுண்ணாம்பாக இருந்தால் மட்டும் நரம்பு பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். அது இரும்புச்சத்து ஏறாத அறிகுறி. மழை பெய்தால் தானே தெளியும், அவசரமென்றால் இரும்புச்சத்துக் கரைசலைத் தெளிக்கலாம். நந்தியாவட்டையில் திடீரென்று ஒரு கிளை மொட்டையாகி, அடியில் கரிய எச்சம் கிடந்தால் மேலே தேடுங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று இலையோடு இலையாகத் தொங்கும். அரளி அந்துப்பூச்சியின் பிள்ளை. கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும், மருந்து வேண்டாம். செம்பருத்தியில் பஞ்சு பஞ்சாய் அப்பும் மாவுப்பூச்சிதான் உண்மையான தலைவலி. 2008-ல் தமிழகத்துக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை வேளாண் விஞ்ஞானிகள் 2010-ல் வரவழைத்து விட்ட பிறகே வேகம் தணிந்தது. வீட்டில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சியை மேய்த்துத் திரிவது அதுதான்.

வாங்கும் இடத்தில் கவனிக்க ஒன்றே ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் அடுக்கியிருக்கும் செடிகளில் பெரும்பங்கு ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகே உள்ள கடியத்திலிருந்து வருகிறது. கோதாவரிக் கரையில் ஊரே நர்சரியாக இருக்கும் இடம். அங்கிருந்து வரும் பல செடிகளின் வேரைச் சுற்றிக் கெட்டிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே பெசன்ட் நகர் மணலில் புதைத்தால், ஊற்றுகிற தண்ணீர் சுற்றியுள்ள மணல் வழியே ஓடிவிடும்; உருண்டைக்குள் இருக்கும் வேர் தாகத்தில் சாகும். வாங்கி வந்ததும் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிக் களியை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். பூ நிறைந்த செடியைவிட மொட்டும் புதுத்துளிரும் உள்ள செடியையே எடுங்கள். பூத்து நிற்பது சாகுபடிக்காரரின் உழைப்பு. உங்கள் வீட்டில் அது களைத்துப்போய் வந்து சேரும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தரைமூடிக்கு என் கட்சி புரட்டாசி. வெயில் தணிந்திருக்கும், வேர் பிடிக்க மூன்று, நான்கு வாரம் கிடைக்கும், அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை தண்ணீர் ஊற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். முக்கால் அடிக்கு ஒரு நாற்று என்று நட்டால் தை வாக்கில் தரை மறையும். அந்த நான்கு மாதம் களை எடுக்காவிட்டால் செய்த செலவெல்லாம் கோரைக்குத்தான். கோரையை இழுத்துப் பிடுங்கினால் மேலே உள்ளதுதான் வரும்; கிழங்கு உள்ளே தங்கி, அடுத்த மழைக்கு ஒன்று நாலாகும். குத்தூசி போன்ற கம்பியால் அடியோடு நெம்பி, கிழங்கோடு எடுத்துக் குப்பையில் போட வேண்டும், மக்குக் குழியில் அல்ல. நிழல் கோரைக்கு ஆகாது. செடி நெருங்கி மூடிவிட்டால் பிறகு தலைதூக்குவது குறையும். தோட்டக்காரருக்குக் கூலி பேசும்போது செடி நடுவதற்கு மட்டும் பேசாமல் இந்த நான்கு மாதக் களையெடுப்பையும் சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள்.